எவ்வளவு, எத்தனை வருடம்

சி.டி. ஸ்கேன் எடுத்தால் கேன்சர் வருமா? மும்பையின் செம்பூரிலும் சயானிலும் நம்மவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் 'வரும்', 'வராது' என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது. உடலில் பட்ட கதிர்வீச்சின் அளவு, அதாவது டோஸ், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்த எண் ஸ்கேனிலேயே பதிவாகிறது.

ஸ்கேன் பதிவில் டோஸுக்கான பக்கத்தில் டி.எல்.பி. என்று ஒன்று இருக்கும்; கதிர்வீச்சின் அளவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கிய எண் அது. பெரியவர்களுக்கு வயிற்று ஸ்கேன் என்றால் அதை 0.015-ஆல் பெருக்குங்கள்; நெஞ்சுக்கு 0.014, தலைக்கு 0.0021. வருவது டோஸ், மில்லிசீவர்ட் என்ற அலகில். டி.எல்.பி. 600 என்றால் வயிற்றுக்கு 9. இயற்கையிலிருந்து உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 கிடைக்கிறது. அருகிலேயே உள்ள சி.டி.டி.ஐ. எண்ணைப் பெருக்கிவிடாதீர்கள், ஸ்கேன் செய்த நீளம் அதில் சேராது. மூன்று சுற்று எடுத்தால் டோஸும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரே சுற்று போதுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

1000 மில்லிசீவர்ட்டுக்குச் சுமார் 5 சதவீதக் கூடுதல் ஆபத்து என்பது கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையத்தின் கணக்கு. 9-க்கு, ஏறத்தாழ 2200 பேரில் ஒருவர். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களிடம் கண்டதை முக்கிய ஆதாரமாக வைத்து, நேர்கோட்டில் கீழே நீட்டியது இது. 100-க்குக் கீழே கூடுதல் நோயைத் தனியே பிரித்துக் காண்பது கடினம். சிறுவர்களுக்கு ஆபத்து அதிகம், முதியவர்களுக்குக் குறைவு. தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போட இந்த எண் காரணமாகாது.

எனக்குப் பெரிய கவலை தாராவியின் தோல் பட்டறைகள்தான். பசையின் கரைப்பானில், புற்றுநோய் தரும் ரசாயனமான பென்சீன் இருந்தால் கணக்கு வேறு. காற்றில் ஒரு கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம் வீதம் ஆயுள் முழுக்கச் சுவாசித்தால் 10 லட்சம் பேரில் 6 பேருக்குக் கூடுதலாக ரத்தப் புற்றுநோய் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வெளிக்காற்றுக்கு இந்தியாவின் வருடச் சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம். அதாவது 30 பேர். அடைத்த அறையில் 1 பி.பி.எம். (காற்றில் 10 லட்சத்தில் ஒரு பங்கு) என்பதோ சுமார் 3200 மைக்ரோகிராம். தினம் 8 மணி நேரம், வருடம் 240 நாள், 40 வருடம் என்று வைத்து 70 வருட ஆயுளுக்குப் பரப்பினால் எட்டில் ஒரு பங்கு, 400. ஆபத்து 1000 பேரில் 2.4. ஸ்கேனைவிட ஐந்து மடங்கு!

பென்சீன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேஜைக்கு மேல் உயரத்தில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அதை முகத்தைத் தாண்டி இழுக்கும்; மேஜை மட்டத்தில், உங்களுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். டின்னை மூடியே வையுங்கள். பெட்ரோலில் கை கழுவாதீர்கள்: பி.எஸ். 6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம், தோல் வழியாகவும் அது உள்ளே போகும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட முகக்கவசம் வேண்டும்.