டென்வரின் நீலக் குதிரையும் பாதி மட்டும் பார்க்கப்பட்ட ஓவியமும்

கொலராடோ மாநிலம் என்றதும் எல்லோருக்கும் ராக்கி மலைத்தொடர்தான் நினைவுக்கு வரும். டென்வர் விமான நிலையமோ மலைகளை விட்டு விலகி, நகரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, மரமே இல்லாத புல்வெளியின் நடுவில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 137 சதுர கிலோமீட்டர். அமெரிக்காவில் இதைவிடப் பரந்த விமான நிலையம் கிடையாது. 2016 அக்டோபரில் நான் அங்கே போய் இறங்கியபோது மலை பார்க்கும் ஆசை இரண்டாம்பட்சமாகத்தான் இருந்தது. அந்த நிலையத்தின் சுவர்களில் இருந்த ஓவியங்களை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே முதல் எண்ணம்.

காரணம், உறவினர்களின் வாட்ஸாப் குழுவில் வந்துகொண்டே இருந்த ஒரு புகைப்படம். நச்சுவாயு முகமூடி அணிந்த படைவீரன் ஒருவன் நிற்கிறான். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வளைந்த வாள். அந்த வாள் ஒரு வெள்ளைப் புறாவைக் குத்துகிறது. பக்கத்தில் இறந்த குழந்தைகளை மார்போடு அணைத்து அழும் தாய்மார்களின் நீண்ட வரிசை. உலக மக்களைக் கொன்று குவிக்கும் திட்டத்தை, மறைந்திருந்து உலகை ஆள்வதாகச் சொல்லப்படும் ரகசியக் கூட்டமான இல்லுமினாட்டிகள் விமான நிலையச் சுவரிலேயே வரைந்து வைத்துவிட்டார்கள் என்று படத்தோடு ஒரு செய்தி. தமிழில் இல்லுமினாட்டி காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. படித்தவர்கள், பொறுப்பான வேலையில் இருப்பவர்கள்கூட அதை நம்பி அனுப்பியதுதான் என்னை உறுத்தியது.

டென்வரில் வேலை செய்யும் அக்கா மகன் பெட்டிகள் வந்து சேரும் தளத்தில் காத்திருந்தான். பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு நேரே ஓவியத்திடம் போனேன்.

ஓவியர் லியோ தங்குமா வரைந்த சுவரோவியங்கள் அங்கே அப்போது இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு பாகங்களால் ஆனது. இந்தக் கதை முழுவதற்கும் சாவி இதுதான். 'உலகக் குழந்தைகள் அமைதியைக் கனவு காண்கிறார்கள்' என்ற ஓவியத்தின் முதல் பாகத்தில்தான் அந்தப் படைவீரன் இருக்கிறான். இரண்டாம் பாகத்தில் அவன் செத்துக் கிடக்கிறான். அவனுடைய துப்பாக்கியின்மேல் புறாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. பல நாட்டுப் பிள்ளைகள் தத்தம் மரபு உடைகளில், தங்கள் நாட்டுக் கொடிகளில் சுற்றிய வாள்களை ஏந்தி வருகிறார்கள். நடுவில் ஒரு ஜெர்மானியச் சிறுவன் பட்டடைக் கல்லில் வாளை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறான். பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்குப் பழக்கமானது. ஓவியர் வரைந்திருப்பது அந்த வாக்கைத்தான். வாட்ஸாப்பில் வந்த படத்தில் இந்தப் பாகம் இல்லவே இல்லை.

முதல் பாகத்தில் ஒரு கடிதமும் வரையப்பட்டிருந்தது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிரிழந்த 14 வயதுப் பிள்ளையின் கவிதை அது. ஒரு காலத்தில் நான் குழந்தையாக இருந்தேன், இப்போது அச்சத்தை அறிந்துகொண்டேன், வெறுக்கக் கற்றுக்கொண்டேன், ஆனாலும் நான் உறங்கத்தான் செய்கிறேன், மீண்டும் குழந்தையாக விழித்துச் சிரித்து விளையாடுவேன் என்ற பொருளில் போகிறது. அந்த வரிகளைப் படித்த பிறகு என்னால் கொஞ்ச நேரம் வேறெதையும் பார்க்க முடியவில்லை. நாஜிகள் கொன்ற ஒரு பிள்ளையின் குரலை மனிதகுலத்தின்முன் வைத்த ஓவியத்தை, மக்களைக் கொல்லும் ரகசியத் திட்டம் என்று திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இதை வேடிக்கையான கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இறந்த பிள்ளைக்கும் வரைந்த கைக்கும் இழைத்த அநீதி இது.

'இயற்கையோடு அமைதியாகவும் இணக்கமாகவும்' என்ற மற்றொரு ஓவியத்துக்கும் இதே கதிதான். முதல் பாகத்தில் காடு பற்றி எரிகிறது, சவப்பெட்டிகளில் பெண்கள் கிடக்கிறார்கள், அழிந்துபோன உயிரினங்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன, பிள்ளைகள் அழுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் அதே உலகம் உயிர்த்து எழுகிறது. ஒளிவிடும் ஒரு செடியைச் சுற்றி எல்லா இனத்து மக்களும் கூடி மகிழ்கிறார்கள். இணையத்தில் பரவுவது எரியும் காடும் சவப்பெட்டிகளும் மட்டுமே.

தங்குமா 1941-இல் டெக்சாஸ் மாநிலத்தின் பீவில் என்ற சிற்றூரில் பிறந்தவர். மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களின் சிக்கானோ சுவரோவிய இயக்கத்தில் முக்கியமானவர். 1970களின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரில் அவர் வரைந்த 'நம் இனத்தின் மறுபிறப்பு' அந்த இயக்கத்தின் அடையாளங்களில் ஒன்று. ரிவேரா, ஒரோஸ்கோ, சிகெய்ரோஸ் ஆகிய மெக்சிகோ ஓவிய மேதைகள் வகுத்த வழி அது: ஏழை எளியவரின் துயரத்தைச் சுவர் முழுக்கப் பெரிதாக வரைவது, கொடுமையை மறைக்காமல் காட்டுவது, பிறகு விடியலைக் காட்டுவது. அந்த மரபை அறிந்தவர்களுக்கு முகமூடி அணிந்த படைவீரனிடம் மர்மம் எதுவும் தென்படாது. விமான நிலையத்தில் இவ்வளவு வேதனையான படம் தேவையா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதைப் பற்றிப் பேசலாம். சதி என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

காரில் ஏறி நகரத்துக்குக் கிளம்பியதும் பெனா நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தக் குதிரை வந்தது. 32 அடி உயரம், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் உடல் முழுக்க நரம்புகள் புடைத்த நீலக் குதிரை. கண்கள் சிவப்பாக எரிகின்றன. ஊர்க்காரர்கள் நீலத்தைக் குறிக்கும் 'புளூ'வோடு சாத்தானின் பெயரான லூசிஃபரைச் சேர்த்து அதற்கு 'புளூசிஃபர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"சித்தி, இதைச் செய்தவரை இதுவே கொன்றுவிட்டது, தெரியுமா?" என்றான் அக்கா மகன்.

அது உண்மை. சிற்பி லூயிஸ் ஹிமெனெஸ் 2006 ஜூன் மாதம் நியூ மெக்சிகோவின் ஹோண்டோ ஊரிலுள்ள தம் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இந்தக் குதிரையின் ஒரு பாகம் அவர்மேல் விழுந்து காலில் ரத்தக்குழாய் அறுபட்டு இறந்துபோனார். 65 வயது. சாபம் என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறந்தது. அவருடைய குடும்பத்தாரும் உடன் உழைத்தவர்களும் மீதி வேலையை முடித்தார்கள். 2008 பிப்ரவரியில் குதிரை இங்கே நிறுத்தப்பட்டது. அதை அகற்ற வேண்டும் என்று அடுத்த ஆண்டே இணையத்தில் இயக்கம் நடத்தினார்கள்.

அந்தச் சிவப்புக் கண்களின் கதையைச் சாபக்காரர்கள் சொல்வதில்லை. ஹிமெனெஸின் தந்தை எல் பாசோ நகரில் நியான் விளக்குப் பலகைகள் செய்யும் கடை வைத்திருந்தார். மகன் கை வேலை பழகியது அங்கேதான். குதிரையின் கண்ணில் எரியும் ஒளி அந்தத் தந்தைக்கு மகன் செலுத்திய மரியாதை. பளிங்கையும் வெண்கலத்தையும் விட்டுவிட்டுக் கண்ணாடியிழையைத் தேர்ந்தெடுத்து, கார்களுக்கு அடிக்கும் பளபளப்பான வண்ணத்தைப் பூசுவது அவருடைய பாணி. உழைக்கும் மெக்சிகோ-அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் கார்களை அலங்கரிக்கும் கலையை அவர் அப்படியே சிற்பத்துக்குக் கொண்டுவந்தார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தின் வாசலில் நிற்கும் குதிரைவீரன் சிற்பமும் அவருடையதே. பழகிய அழகு இந்த நீலக் குதிரையிடம் இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அடக்க முடியாத ஒரு மிருகத்தின் வேகம் அதில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்த முடியாது, சில நொடிகளில் கடந்துவிடும். பார்க்க விரும்புவோர் ஓட்டும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் கொடுக்கத் தேவையில்லை, சுரங்கத்தைத் தவிர. நிலையத்துக்கு அடியில் ரகசியப் பதுங்குகுழிகள் இருக்கின்றன, பல்லி மனிதர்கள் வாழ்கிறார்கள் என்கிறார்கள். அடியில் சுரங்கங்கள் இருப்பது மெய்தான். பெட்டிகளைத் தானியங்கித் தண்டவாள வண்டிகளில் விமானத்துக்குக் கொண்டுபோகும் பெரும் திட்டத்துக்காகத் தோண்டியவை அவை. 1994-இல் பத்திரிகையாளர்களை அழைத்துச் சோதித்துக் காட்டியபோது வண்டிகள் மோதிப் பெட்டிகள் கிழிந்து துணிமணிகள் சிதறின. 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரி 28 அன்றுதான் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 480 கோடி டாலர், போட்ட கணக்கைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. அந்தப் பெட்டி இயந்திரத்தை 2005-இல் முற்றிலும் கைவிட்டார்கள். பொதுப்பணம் இவ்வளவு கொட்டப்பட்டும் கண்ணெதிரே ஒன்று சரியாக நடக்கவில்லை என்றால், பணம் எங்கே போனது என்று மக்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அதற்கு விடை, ஒப்பந்தத்திலும் அவசரத்திலும் கிடக்கிறது. பல்லி மனிதர்கள் வந்ததும் அதற்குப் பொறுப்பான யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

ஓடுபாதைகள் வானிலிருந்து நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகா போலத் தெரிகின்றன என்பது இன்னொன்று. ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் நான்கு திசைகளிலும் விலகி அமைந்தால் ஒரே நேரத்தில் பல விமானங்கள் ஏறவும் இறங்கவும் முடியும். காற்றும் பனியும் அடிக்கடி மாறும் அந்தச் சமவெளிக்கு அது பொருத்தமான அமைப்பு. தரையில் பதித்த 'ஏயூ', 'ஏஜி' எழுத்துகள் கொடிய நோய்க்கிருமியின் பெயர் என்கிறார்கள். பள்ளி வேதியியல் படித்தவர்களுக்கு அவை தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உரிய குறியீடுகள். கொலராடோ வளர்ந்ததே சுரங்கத் தொழிலால்தான்.

ரகசியச் சடங்குகளுக்குப் பேர்போன பழைய சகோதரத்துவ அமைப்பான ஃப்ரீமேசன் சங்கத்தின் சின்னம் செதுக்கிய ஒரு கல் நிஜமாகவே அங்கே இருக்கிறது. 1994 மார்ச் 19 என்று தேதியிட்டது. அடியில் ஒரு காலப்பேழை, அதாவது வருங்காலத்தவருக்காகப் பொருள்களை வைத்து மூடிய பெட்டி. 2094-இல் திறக்க வேண்டும். கட்டடங்களுக்கு மேசன்கள் கல் நாட்டுவது அமெரிக்காவில் பழைய வழக்கம். அதே கல்லில் 'புதிய உலக விமான நிலைய ஆணையம்' என்றொரு பெயரும் இருக்கிறது. திறப்பு விழா நிகழ்ச்சிகளை நடத்த உள்ளூர் வணிகர்கள் கூடி அமைத்த குழு அது. எந்த அரசுப் பட்டியலிலும் அந்தப் பெயர் கிடைக்காததால் கற்பனைக்குச் சிறகு முளைத்துவிட்டது. இந்த ஒரு இடத்தில் சந்தேகப்பட்டவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கல்லுக்குப் பக்கத்தில் அந்தக் குழு யார் என்று நான்கு வரி எழுதி வைத்திருக்கலாம்.

இந்தக் கதைகளில் எதிலும் வராத ஒரு கலைப்படைப்பு அங்கே உண்டு. நிலையத்துக்குள் ஓடும் ரயிலின் சுரங்கச் சுவரில் 5,280 சிறிய காற்றாடிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ரயில் கிளப்பும் காற்றில் அவை வரிசையாகச் சுழல்கின்றன. ஒரு மைலுக்கு 5,280 அடி. டென்வர் கடல் மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் இருக்கும் ஊர். ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள், மறக்க மாட்டீர்கள்.

நான் போன அதே அக்டோபரில் நிலைய நிர்வாகமே சதிக் கதைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தது. 2018-இல் மைய மண்டபத்தைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, கட்டுமானத் தடுப்புகளில் இல்லுமினாட்டித் தலைமையகம் கட்டுகிறோமா, பல்லி மனிதர்களின் குகையைச் செப்பனிடுகிறோமா என்று விளம்பரம் ஒட்டினார்கள். அடுத்த ஆண்டு பேசும் யாளி போன்ற ஒரு பொம்மையை வைத்துப் பயணிகளை இல்லுமினாட்டித் தலைமையகத்துக்கு வரவேற்றார்கள். கூட்டம் சேர்ந்தது, ஊடகங்கள் எழுதின. ஆனால் அதே புதுப்பிப்புக்காகத் தங்குமாவின் ஓவியங்களைச் சுவரிலிருந்து கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். கதை மண்டபத்தில் நின்றது, ஓவியம் கிடங்குக்குப் போனது. இந்த வரிசை மாறியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

பிறகு ஒருமுறை அந்த வழியாகப் போனபோது பழைய இடத்தில் தடுப்புப் பலகைகள் மட்டுமே இருந்தன. ஊருக்குத் திரும்பியதும் நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஓவியங்களை மறுபடி மாட்டும்போது ஒவ்வொன்றின் இரு பாகங்களும் ஒரே பார்வையில் விழும்படி அருகருகே வையுங்கள். முதல் பாகத்தை மட்டும் படம்பிடிக்க முடியாத அளவுக்கு நெருக்கமாக வையுங்கள். அந்தப் பிள்ளையின் கவிதையை நின்று படிக்கப் போதுமான வெளிச்சம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வாட்ஸாப் குழுவில் இரண்டு பாகங்களின் படத்தையும் சேர்த்துப் போட்டேன். அடுத்த முறை யாராவது அந்தப் படைவீரனை அனுப்பினால், நீங்களும் அவர்களுக்கு இரண்டாம் பாகத்தை அனுப்புங்கள்.