கியோங்போக்குங்: வீடு போன பின்னும் நின்ற புகைபோக்கிகள்

அப்பா போன ஏப்ரலில் சியோலுக்கு வந்திருந்தார். நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர், எந்த ஊருக்குப் போனாலும் கதவு நிலையைத் தடவிப் பார்க்காமல் வரமாட்டார். முதல் சனிக்கிழமையே கியோங்போக்குங் அரண்மனைக்கு அழைத்துப் போனேன். உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், ஒரு சிவப்புத் தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பழைய அரண்மனைன்னு சொன்ன, இது புது மரமால்ல இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இங்கே இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 1990க்குப் பிறகு எழுப்பப்பட்டவை. இதைக் கேட்டதும் "அப்ப இது சினிமா செட் மாதிரிதானே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஏன் என்று அப்பாவிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

கொரியாவை ஆண்ட ஜோசோன் அரச வம்சத்தைத் தொடங்கிய தேஜோ 1395இல் கட்டிய அரண்மனை இது. 1592இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது எரிந்துபோனது. அப்புறம் 270 வருஷத்துக்கு மேல் நகரத்தின் நடுவே வெறும் தரையாகக் கிடந்தது. அரசர்கள் பக்கத்து அரண்மனைகளில் இருந்துகொண்டார்கள். 1865இல் சிறுவனாக இருந்த அரசர் கோஜோங்கின் தந்தை தேவொன்குன் திரும்பக் கட்டத் தொடங்கினார். கஜானாவில் பணம் இல்லை. 'மனமுவந்து தரும் பணம்' என்று பெயர் வைத்து மக்களிடம் வசூலித்தார்கள், போதாததற்கு 1866இல் சாதாரணக் காசைப்போல நூறு மடங்கு மதிப்பு என்று ஒரு புதுக் காசையும் அடித்து விட்டார்கள், அதில் இருந்த உலோகமோ ஐந்தாறு காசுக்குத்தான் பெறும், விலைவாசி தாறுமாறாக ஏறியது. ஜனங்களின் வயிற்றில் அடித்துக் கட்டிய அரண்மனை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படிக் கட்டியதும் நிலைக்கவில்லை. 1895இல் அரசி மியோங்சோங்கை ஜப்பானியக் கொலையாளிகள் இதே வளாகத்துக்குள் புகுந்து கொன்றார்கள். அடுத்த வருஷமே கோஜோங் ரஷ்யத் தூதரகத்தில் போய்த் தஞ்சம் புகுந்தார். 1910இல் நாடே ஜப்பான் கைக்குப் போனது. 1915இல் ஒரு பொருட்காட்சி நடத்துவதற்காகப் பல கட்டடங்களைப் பிரித்துப் போட்டார்கள். 1926இல், அரியணை மண்டபமான குன்ஜொங்ஜொன்னை ஊர் பார்க்க முடியாதபடி அதன் முன்னாலேயே தங்கள் ஆட்சியின் தலைமைச் செயலகத்தைப் பெரிய கல் கட்டடமாக எழுப்பினார்கள். முகப்பு வாசலான க்வாங்வாமுன்னைப் பெயர்த்துக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். தேவொன்குன் கட்டியதில் கடைசியில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

அந்தக் கல் கட்டடத்தை ஜப்பானிடமிருந்து விடுதலை பெற்ற பிறகும் பல வருஷம் அரசு அலுவலகமாகவும் அப்புறம் அருங்காட்சியகமாகவும் பயன்படுத்தினார்கள். விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளான 15 ஆகஸ்ட் 1995 அன்றுதான் அதன் கோபுர உச்சியை அறுத்து இறக்கி, இடிக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு வாசலில் நின்று பார்த்தால் மண்டபத்தின் கூரைக்குப் பின்னால் மலை தெரிகிறதே, அந்தக் காட்சி எழுபது வருஷம் யாருக்கும் கிடைக்காமல் இருந்தது.

க்வாங்வாமுன் கதை தனி. கொரியப் போரில் அதன் மரப்பகுதி எரிந்தது. 1968இல் கான்கிரீட்டில் கட்டினார்கள், அதுவும் அந்தக் கல் கட்டடத்துக்கு நேராக, பழைய அச்சிலிருந்து சற்றே திரும்பி நின்றது. அதையும் பிரித்து, பழைய அஸ்திவாரத்தின் மேலேயே மரத்தில் கட்டி 2010இல் திறந்தார்கள். திறந்த மூன்றே மாதத்தில் மரப் பெயர்ப்பலகையில் விரிசல் விழுந்துவிட்டது. நாடு முழுக்க ஒரே சர்ச்சை. இதைச் சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை. "தேதி குறிச்சிட்டு வேலை வாங்கினா அப்படித்தான் ஆகும். மரம் காயறதுக்கு நேரம் கேக்கும், அதை நாம குடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

அந்தப் பலகையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தது. அது தவறு என்பதும் பின்னால்தான் உறுதியானது: பழைய புகைப்படம் ஒன்றில் பின்னணி கறுப்பாகத் தெரிந்தது, 1860களில் இந்த வேலை நடந்தபோது எழுதப்பட்ட நாட்குறிப்பு ஜப்பானில் வசேதா பல்கலைக்கழகத்தில் இருந்தது, அதில் கறுப்பின் மேல் பொன்னெழுத்து என்று இருந்தது. 2023 அக்டோபரில் அப்படியே மாற்றினார்கள். அதோடு வாசலுக்கு முன்னால் இருந்து, டிராம் பாதைக்காக எப்போதோ அழிக்கப்பட்ட கல் மேடையையும் திரும்ப அமைத்தார்கள். மேடையின் கைப்பிடிக் கற்கள் ஓர் அரச கல்லறை வளாகத்தில் கிடந்தன. இரண்டு மிருகச் சிற்பங்கள் ஒரு தனியார் அருங்காட்சியகத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தன. அந்தக் குடும்பம் கொடுத்துவிட்டது. இப்படித் தேடித் தேடி, தப்பு என்று தெரிந்தால் கழற்றி மாற்றி, நிதானமாகச் செய்கிற வேலையைப் போய் செட் என்று எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது அரியணை மண்டபத்தின் முற்றம். மண்டபம் 1867இல் கட்டியது, நல்லவேளையாகத் தப்பித்துவிட்டது. முற்றத்தில் பரப்பியிருக்கும் கற்களை வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டிருக்கிறார்கள், வெயில் கண்ணில் அடிக்காது, கால் வழுக்காது. பந்தல் கட்ட இரும்பு வளையங்களைத் தரையிலேயே பதித்திருக்கிறார்கள். அப்பா குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "வாட்டம் குடுத்திருக்கான் பாரு" என்றார். உண்மைதான், முற்றம் வாசல் பக்கமாகச் சரிகிறது, மழைத் தண்ணீர் தானாக ஓடிவிடும்.

ஆனால் நீங்கள் போனால் தவறவிடக் கூடாத இடம் அரசியின் மாளிகையான கியோதேஜொன்னின் பின்கட்டு. அங்கே ஒரு சின்னப் படிக்கட்டுத் தோட்டத்தில் செங்கல்லால் ஆன நான்கு அறுகோணப் புகைபோக்கிகள் நிற்கின்றன, பக்கத்துக்குப் பக்கம் பூவும் மிருகமும் செதுக்கிய ஓடுகள். வீட்டின் தரைக்கு அடியில் ஓடி அறையைச் சூடாக்கிய புகை மண்ணுக்குள் வந்து இவற்றின் வழியாக வெளியேறும். 1917இல் பக்கத்து சாங்தொக்குங் அரண்மனை எரிந்ததும், அதைச் சரிசெய்ய மரம் வேண்டும் என்று இங்கிருந்த அரசரின் காங்நியோங்ஜொன், அரசியின் கியோதேஜொன் இரண்டையும் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு போய்விட்டது, புகைபோக்கி மட்டும் எழுபது வருஷத்துக்கு மேல் தனியாக நின்றது, 1995இல் வீட்டைத் திரும்பக் கட்டும்வரை. இதைக் கேட்டதும் அப்பா அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் 3,000 வொன், கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்திப் போனால் இலவசம். செவ்வாய் விடுமுறை. காலை 10 மணிக்கு வாசலில் காவலர் மாறும் நிகழ்ச்சி, அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு உள்ளே போகாமல் நேராகப் பின்பக்கம் போய்விடுங்கள். குளத்தின் மேல் 48 கல் தூண்களில் நிற்கும் விருந்து மண்டபம் கியோங்ஹ்வேரு எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

"அந்தப் பழைய மரம் இப்ப எங்க இருக்கு?" என்று அப்பா ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டார். மறுநாள் சாங்தொக்குங் போனோம். காங்நியோங்ஜொன்னின் மரங்களால் அங்கே எழுப்பிய மாளிகைக்கு ஹுய்ஜொங்தாங் என்று பெயர். ஆனால் அதன் கூரையின் இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் ஒவ்வோர் எழுத்து இன்னும் இருக்கிறது: ஒரு பக்கம் 'காங்', மறு பக்கம் 'நியோங்'. புறப்பட்டு வந்த வீட்டின் பெயர். அப்பாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. நான் காட்டியதும் அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.