லீவு விட்டால் வெறிச்சோடும் தெரு

சிதம்பரம் அண்ணாமலை நகர்ப் பக்கம் செமஸ்டர் லீவில் போயிருக்கிறீர்களா? ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், மெஸ்ஸில் சாம்பார் வாளி சின்னதாகிவிடும், டீக்கடைக்காரர் பாலைக் குறைத்து வாங்குவார். 1929இல் வந்த பல்கலைக்கழகம், அதை நம்பித்தான் அங்கே எத்தனையோ வீட்டில் அடுப்பெரிகிறது. ஆனால் மாணவன் பாக்கெட் காசு மட்டும் போதுமா?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனைகள், மாநகராட்சி எல்லாம் கைகோர்த்து, பக்கத்து ஏழைத் தெருக்காரர்களே பங்குதாரர்களாக இருக்கும் சலவைக் கூட்டுறவு ஒன்றை 2009இல் தொடங்க வைத்தார்கள், மருத்துவமனை, முதியோர் இல்லப் படுக்கை விரிப்புகளைத் துவைப்பதுதான் வேலை. நம் விடுதிகளுக்கும்தான் அரிசி, காய்கறி, சலவை என்று எவ்வளவு போகிறது! அந்த டெண்டரைச் சின்னச் சின்னதாக உடைத்து உள்ளூர் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தால் என்ன? தரம் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள், சரி, முதலில் ஒரு தடவை கேட்டாவது பாருங்கள்.