மூலையில் குதிக்கும் விளம்பரங்களை விரட்ட

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பும்போது, திரை மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று அறிவிப்பு குதித்தால் பதற வேண்டாம். அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசவே கூடாது. பெரும்பாலும் அது வைரஸே அல்ல. அறிவிப்பு அனுப்பலாமா என்று ஏதோ ஒரு தளம் கேட்டபோது 'அலோ' (Allow, அனுமதி) அழுத்தியதன் விளைவு.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதிப் பட்டியலில் இருக்கும் தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். பல நேரம் இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் குரோமில் சேர்த்திருக்கும் எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் நிரல்கள்) பார்த்து, தெரியாததை நீக்குங்கள். அடுத்து விண்டோஸ் 11-இல் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் நுழைந்ததை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டரோடு ஒட்டி வந்ததாக இருக்கலாம். நீக்கியும் திரும்ப முளைத்தால், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து தேடுங்கள். மறுபடி நிறுவும் கட்டளை அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.