கன்னிக் குட்டியும் ரத்தக் கழிச்சலும்

சென்ற ஆண்டு ஆனி மாதம், சாரல் தொடங்கியிருந்த நாட்களில், அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் ஊரில் ஒன்பது வாரமே ஆன, கன்னி என்னும் நாட்டு இன நாய்க்குட்டி ஒன்றை இழந்தோம். காலையில் பாலைத் தொடாமல் திண்ணையோரம் சுருண்டு கிடந்தது. மாலையில் வாந்தி எடுத்தது. இரவில் கடும் நாற்றத்துடன் ரத்தமாகக் கழிந்தது. சூடு பிடித்திருக்கும் என்று ஆச்சி மோர் கொடுத்தார். குடற்புழுவாக இருக்கும் என்று நான் நினைத்தேன். விடியட்டும் என்று அந்த இரவைக் கடத்தியதுதான் நாங்கள் செய்த பிழை. மறுநாள் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றியபோது அதன் ஈறுகள் வெளுத்திருந்தன. மூன்றாம் நாள் இறந்துவிட்டது.

அது பார்வோ வைரஸ். நாய்களிடையே 1978-இல் கண்டறியப்பட்டு, இரண்டொரு ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிய நோய் இது. குட்டிகளுக்குக் கழிச்சல் தரும் வைரஸ்கள் வேறு சிலவும் உண்டு. ரோட்டா வைரஸும் நாய்க் கொரோனா வைரஸும் (கோவிட் தந்த வைரஸ் வேறு, இது வேறு) குடலுறிஞ்சிகளின் (குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) மேற்பகுதியையே தாக்குவதால், அடியிலிருந்து புதிய செல்கள் ஏறி வந்து பெரும்பாலான குட்டிகள் தேறிவிடுகின்றன. பார்வோவோ அந்தப் புதிய செல்கள் பிறக்கும் அடிப்பகுதியையே அழிக்கிறது. மாடு மேய்ந்த பயிர் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நாற்றங்காலே அழுகிவிட்டால் நடுவதற்கு எதுவும் இராது. எலும்பு மஜ்ஜையையும் அது தாக்கி வெள்ளணுக்களைக் குறைத்துவிடுவதால், சிதைந்த குடலிலிருந்து பாக்டீரியாக்கள் எளிதாக ரத்தத்தில் கலக்கின்றன. வைரஸைக் கொல்லாத ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கொடுப்பது இதனால்தான். கழிச்சலோடு கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்தால் டிஸ்டெம்பர் என்ற மற்றொரு வைரஸ் நோயையும் ஐயப்பட வேண்டும். அது பின்னர் நரம்புகளைத் தாக்கி வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும்.

குட்டியைக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாங்கியபோது, ஊசி போட்டாயிற்று என்றார்கள். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஒரே ஊசி ஏன் போதாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தாயின் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் உடலில் வாரக்கணக்கில் தங்கி, தடுப்பூசியையும் நோய்க்கிருமி என்றே கருதிச் செயலிழக்கச் செய்கிறது. அது குறைந்துகொண்டே வரும்போது, நோயைத் தடுக்கும் வலுவும் இன்றி, தடுப்பூசியை வேலை செய்யவும் விடாத ஓர் இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளி எந்த வாரத்தில் வரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவேதான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் நிறையும் வரை ஊசியைத் தொடர்ந்து போடச் சொல்கிறார்கள்.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும். நம் செருப்பிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கும் போகும். வழக்கமாகத் தரை துடைக்கும் பினாயிலை நம்பியிருக்க முடியாது. கழிவை முதலில் வழித்தெடுத்து, சோப்பு நீரால் கழுவி, பிறகு துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் சேர்த்து, பத்து நிமிடம் தரை ஈரமாகவே இருக்கும்படி ஊற்ற வேண்டும். திண்ணையை அப்படிச் சுத்தம் செய்தோம். வேப்பமரத்தடி மண்ணை என்ன செய்ய முடியும்?

எனவே இந்தத் தை மாதம் வாங்கிய குட்டியை ஊருக்குக் கொண்டுவரவில்லை. நாய் வளர்த்தே இராத, பாளையங்கோட்டையிலுள்ள என் அக்காவின் மாடி வீட்டில் அது வளர்கிறது. 16 வாரத்துக்கான ஊசி அடுத்த வாரம்; அதன்பின் இரண்டு வாரம் கழித்தே ஆச்சியிடம் அழைத்து வருவோம்.