சாமுவேல் என்னை இரண்டு முறை எழுதவைத்தார்

எபிரேயத் தாளில் ஒருவழியாகத் தேறிவிட்டேன். மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இருந்தாலும் மூன்றாம் முறை போய் உட்கார வேண்டியதில்லை, அது போதும்.

போன முறை என்னைக் கவிழ்த்தது சாமுவேல் என்ற ஒரே பெயர். 'பொருளும் தோற்றமும் விளக்குக' என்று பார்த்ததும் மனம் குளிர்ந்தது. ஞாயிறு பள்ளிக் கதைதானே! சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய் அன்னாள் பிள்ளை கேட்டாள், கர்த்தர் கேட்டார், ஆகவே 'கர்த்தர் கேட்டார்' என்பதே பொருள் என்று இரண்டு பக்கம் எழுதினேன்.

தமிழ் நமக்குக் குழி வெட்டும் இடம் அதுதான். வேண்டுவதும் கேட்பது, செவிகொடுப்பதும் கேட்பது. எபிரேயத்தில் முன்னது ஷாஅல் (எழுத்துகள் ஷின், அலெஃப், லாமெத்). பின்னது ஷாமா (ஷின், மேம், ஆயின்). 1 சாமுவேல் 1:20இல் அன்னாள் சொல்லும் காரணம் ஷாஅல். நான் எழுதித் தொலைத்தது ஷாமா. அந்த வேரில் பிறந்த பெயர் இஸ்மவேல் (ஆதியாகமம் 16:11). சாமுவேலில் ஆயினே கிடையாது: ஷின், மேம், வாவ், அலெஃப், லாமெத். ஷேம் என்றால் பெயர், ஏல் என்றால் தேவன். 'தேவனுடைய பெயர்' அல்லது 'அவர் பெயர் ஏல்' என்று பிரிப்பதே பொருந்தும்.

அப்படியானால் அன்னாள் சொன்ன காரணம்? அது நேராகப் பொருந்துவது இஸ்ரவேலின் முதல் அரசர் சவுலுக்கு. ஷாஊல் என்றால் 'கேட்கப்பட்டவன்'. 1 சாமுவேல் 1:28இல் பிள்ளை சாமுவேலைக் குறித்தே அந்த வடிவம் அப்படியே வருகிறது. சவுலின் பிறப்புக் கதை இடம் மாறிவிட்டது என்பார்கள் சிலர். சவுலை முன்கூட்டியே நினைவூட்டும் சொல்விளையாட்டு என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். விடைத்தாளில் இரண்டையும் எழுதுங்கள்.

இதே வகையில் பார்த்துவைக்க:
- மோசே: யாத்திராகமம் 2:10 தரும் வேர் மாஷா, வெளியே எடுத்தல். வடிவமோ 'எடுக்கிறவன்'. துத்மோஸ் போன்ற எகிப்திய அரசர் பெயர்களில் வரும் எகிப்திய வேரையும் (பிறத்தல்) விடாதீர்கள்.
- பாபேல்: கதையில் பாலல், குழப்புதல். பழைய பாபிலோனிய மொழியான அக்காதியத்தில் பாப்-இலி, தெய்வ வாசல்.
- நோவா: ஆதியாகமம் 5:29 சொல்வது நாஹம், ஆறுதல். பெயரின் எழுத்துகளோ நூஆஹ், இளைப்பாறுதல்.

கதையை எழுதும் முன் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை நான் செய்தது அது ஒன்றுதான். நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள், எல்லாம் கையால். அறைத் தோழர் உரக்கச் சொல்லியே தேறினார். என் வாயில் அலெஃபும் ஆயினும் ஒன்றாகவே ஒலிப்பதால் அது எனக்கு உதவவில்லை.

அட்டைகளைக் கேட்காதீர்கள். போன வாரமே ஒரு ஜூனியர் வாங்கிப் போய்விட்டார்.