லாகோஸிலிருந்து ஒரு சுடுமண் தலையைக் கொண்டுவரப் போன கதை

ஒன்பது வருஷம் லாகோஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற நேரம். சாமான் கட்ட வந்தவர் அலமாரியில் இருந்த சுடுமண் தலையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "மியூசியம் பெர்மிட் இல்லாம இதை நான் பெட்டியில வைக்க மாட்டேன் சார்" என்றார்.

அந்தத் தலையை எங்கள் கேட்டுக்கு வந்த ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தேன். ஒரு சாண் உயரம். முக்கோணக் கண்கள், நடுவில் துளை போட்ட கருவிழி, வரிவரியாகக் கொண்டை. பார்த்தவுடனே, நைஜீரியாவில் சுடுமண் சிற்பங்களுக்குப் பெயர்போன பழைய 'நோக்' பண்பாட்டின் பாணி என்று தெரியும். இரண்டாயிரம் வருஷப் பழசு என்று ஒரு ஆய்வகச் சான்றிதழின் ஜெராக்ஸும் கொடுத்தார். நம்பினேனா என்று கேட்டால், நம்ப ஆசைப்பட்டேன்.

ஆசைக்குக் காரணம் லாகோஸின் ஓனிகான் பகுதி அருங்காட்சியகத்தில் பார்த்த 'ஜெமா தலை' என்ற நோக் சிற்பம். 1943இல் தகரச் சுரங்கத்தில் கிடைத்ததை, அங்கிருந்த எழுத்தர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கிழங்குத் தோட்டத்தில் காக்கை விரட்டும் பொம்மையாக நட்டுவைத்திருந்தார். பிறகுதான் அது தொல்லியலாளர் பெர்னார்ட் ஃபேக் கண்ணில் பட்டது. சுரங்கக்காரர்களிடம் இருந்த இப்படிப்பட்ட துண்டுகளைத் தேடிச் சேர்த்து, இவையெல்லாம் ஒரே பண்பாட்டின் கைவேலை என்று சொன்னவர் அவர். முதல் துண்டு 1928இல் நோக் கிராமத்தில் கிடைத்ததால் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

நடைமுறை இதுதான். நைஜீரியாவிலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோக தேசிய அருங்காட்சியக ஆணையத்தின் அனுமதி வேண்டும். புதுப் பொருளாகவே இருந்தாலும், பழசு மாதிரித் தெரிந்தால், 'இது தொல்பொருள் அல்ல' என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். நான் பொருள்களின் பட்டியல், படங்கள், பாஸ்போர்ட் நகலோடு, பொருள்களையும் நேரில் கொண்டுபோனேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். எனக்கு இரண்டு வாரம்தான் இருந்தது, தினமும் வயிற்றைக் கலக்கியது.

மர முகமூடிகளும் துணிகளும் பத்து நிமிஷத்தில் முடிந்தன. தலையை மட்டும் அதிகாரி அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். பஞ்சை அசிட்டோனில் நனைத்துக் கன்னத்தில் தேய்த்தார். மண் பழுப்பாகப் பஞ்சில் வந்தது, பசையோடு. அடியில் பளிச்சென்ற புது ஆரஞ்சு நிறம். பிறகு கழுத்தின் உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் காட்டினார். அங்கே சொரசொரப்பான களிமண், கல்துகள், இடையிடையே காக்காப்பொன் மினுக்கம். உள்ளே டார்ச் அடித்தபோது கழுத்தில் மண்கயிறு சுற்றி அடுக்கிய வரிகளும், யாரோ விரலால் அழுத்திய பள்ளங்களும் தெரிந்தன. அதற்குமேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே எல்லாம் வழவழப்பான புதுப்பூச்சு.

"கழுத்து மட்டும் நிஜம்" என்றார்.

சான்றிதழைக் காட்டினேன். பொறுமையாக விளக்கினார். களிமண்ணில் இருக்கிற குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத் துகள்கள் சுற்றுப்புறக் கதிர்வீச்சை வருஷக்கணக்கில் சேமிக்கும். சூளையில் சுட்டால் அந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும். ஆய்வகத்தில் மறுபடி சூடாக்கினால் அதன்பிறகு சேர்ந்தது ஒளியாக வெளியே வரும். அதை அளந்து, சுட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்வார்கள். ஆனால் துளை போட்டு எடுத்த இடத்துக்குத்தான் அந்த வயது. பழைய துண்டில் துளை போட்டுவிட்டு, முழுத் தலைக்கும் சான்றிதழ் காட்டுகிற வியாபாரம் நடக்கிறது.

முழுவதும் போலியாக இருந்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும். அந்த நான்கு விரல் அகலக் கழுத்தால் அது தொல்பொருள். 1979 சட்டப்படி, அங்கீகாரம் பெற்றவர் தவிர வேறு யாரும் தொல்பொருளை வாங்கவே கூடாது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கை நடுங்கிற்று. அவர் திட்டவில்லை. ஒப்படைக்கிறீர்களா என்று கேட்டார். சரி என்றேன்.

ஒரு அட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். பொருள், அளவு, நிலை. "எந்த ஊர்ல தோண்டினது? என்ன ஆழம்? பக்கத்துல கல் வரிசை இருந்ததா?" அந்தக் கேள்விகளின் கனம் எனக்குத் தெரியும். பீட்டர் பிராய்னிக் தலைமையில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழு 2005 முதல் தோண்டிய இடங்களில், உடைந்த சிற்பங்களும் கற்களும் சேர்ந்து கிடந்த விதத்தை வைத்துத்தான் இவை இறுதிச் சடங்கோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்று பேசவே முடிந்தது. என் துண்டையும் யாரோ இரவோடு இரவாகக் கொத்தி எடுத்திருப்பார்கள். நான் கொடுத்த பணம்தான் அந்தக் கடப்பாரைக்குக் கூலி. இதை நினைக்கும்போது இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

"தெரியாது" என்றேன். 'கிடைத்த இடம்' என்ற வரிக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டு, ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார்.